குழிமுனை வேட்டைக் குண்டும் பாலிமர் முனையும்

பாலிமர் முனைக் குண்டு என்பது, வேட்டை ரைபிள்களில் பயன்படும் குழிமுனைக் குண்டின் வாயில் கூரான பிளாஸ்டிக் முனை ஒன்றைப் பொருத்தி உருவாக்கப்படும் குண்டு வகை ஆகும். சிவப்பு, பச்சை, நீலம் எனப் பளிச்சென்ற நிறங்களில் இருப்பதால் இம்முனை பார்வைக்கு அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் குண்டு காற்றில் செல்லும் விதம், விலங்கின் உடலில் விரியும் விதம், தோட்டாவின் நீளம், குழலுக்குத் தேவையான மரைச்சுற்று ஆகிய நான்கையும் அது ஒருசேர மாற்றிவிடுகிறது. பழைய குழிமுனைக் குண்டு ஒன்றை எடுத்து அதன் வாயில் ஒரு முனையைச் செருகினால் புதிய வகைக் குண்டு கிடைத்துவிடும் என்ற எண்ணம் தவறாவதற்கு இதுவே காரணம். குண்டுத் தயாரிப்பு நிறுவனங்களும், முனை சேர்த்தபோதெல்லாம் உள்ளே இருந்த குண்டையும் மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது.

சில சொற்கள்

தமிழ்ப் பேச்சில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளைக் குறிக்கிறது. குண்டு என்பது அதிலிருந்து பிரிந்து குழல் வழியே வெளியேறும் பகுதியை மட்டும் குறிக்கிறது. பெரும்பாலான வேட்டைக் குண்டுகளில் உள்ளே ஈயமும், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கலவை உறையும் இருக்கும். முன்பக்கம் முழுவதும் உறையால் மூடப்பட்டிருந்தால் அது முழு உறைக் குண்டு. முனையில் ஈயம் வெளியே தெரிந்தால் மென்முனைக் குண்டு. முனையில் துளையும் அதன் கீழே குழியும் இருந்தால் குழிமுனைக் குண்டு. குண்டின் எடை கிரெயின் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்.

குழி எதற்கு?

முழு உறைக் குண்டு ஒரு மானின் உடலில் பெரும்பாலும் வடிவம் மாறாமல் சிறு துளையிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். அடிபட்ட விலங்கு ஓடிப்போய், எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துன்புற்றுச் சாகும். எனவே வேட்டைக் குண்டு உடலுக்குள் காளான் போல விரிந்து, தன் விட்டத்தைப் பெருக்கிக்கொண்டு, இதயம் அல்லது நுரையீரலில் அகலமான காயத்தை உண்டாக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரைபிளால் மான் சுடுவதற்கு மென்முனை அல்லது குழிமுனைக் குண்டை மட்டுமே அனுமதிக்கிறது.

குழிமுனை விரிவது நீரின் அழுத்தத்தால். விலங்கின் தசை பெரும்பகுதி நீர். குண்டு பாயும்போது இந்த ஈரத்தசை குழிக்குள் அடைபட்டு, குழியின் சுவர்களை உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளுகிறது. இந்த அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் நீரில் பாயும் பொருளின் முனையில் தோராயமாக 3,600 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். வேகம் 600 மீட்டராகக் குறைந்தால் அது 1,800 ஆகிவிடும். 450 மீட்டரில் 1,000 மட்டுமே. அதாவது வேகம் ஏறக்குறையப் பாதியாகும்போது, குண்டைத் திறக்கும் விசை கால் பங்கை நெருங்குகிறது. அருகில் அழகாக விரியும் குழிமுனைக் குண்டு தொலைவில் விரிய மறுப்பது இதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. குழியின் வாய் திறந்தே இருப்பதால் ரோமம், எலும்புத் துணுக்கு, காய்ந்த சேறு போன்றவை முதலில் புகுந்து அதை அடைத்துவிடலாம். சில குண்டுகளில் உற்பத்தியின்போதோ கையாளும்போதோ வாய் நசுங்கிக் கிட்டத்தட்ட மூடிப்போய்விடும். அப்போது அது பெயரளவில் மட்டுமே குழிமுனை. நடத்தையில் முழு உறைக் குண்டு.

இந்தியாவுடன் ஒரு தொடர்பு

விரியும் குண்டின் வரலாற்றில் கொல்கத்தா அருகிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலைக்கு மறக்க முடியாத இடம் உண்டு. 1895ஆம் ஆண்டுச் சித்ரால் படையெடுப்பில் .303 முழு உறைக் குண்டு எதிரிகளை நிறுத்தவில்லை என்ற புகார் பிரித்தானியப் படையில் எழுந்தது. அதையடுத்து டம்டமில் பணியாற்றிய கேப்டன் பெர்ட்டி-கிளே முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டை உருவாக்கினார். செய்தித்தாள்கள் இன்றும் எல்லா வகை விரிகுண்டுகளையும் ‘டம்டம் குண்டு’ என்று எழுதுகின்றன. உண்மையில் டம்டம் குண்டு மென்முனை வகையைச் சேர்ந்தது. குழிமுனை கொண்ட .303 குண்டுகள் அதற்குப் பின் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டவை.

மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை செய்தது. போரில் கொடுமை என்று விலக்கப்பட்டதே வேட்டையில் கருணை என்று கட்டாயமாக்கப்பட்டது. முரண்பாடாகத் தோன்றினாலும் இரண்டின் நோக்கங்களும் வேறு: போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், வேட்டையில் விலங்கு விரைவாக உயிர்விட வேண்டும்.

முனையை மூடும் பழைய முயற்சிகள்

குழியை எதையாவது கொண்டு மூடும் யோசனை பிளாஸ்டிக்குக்கு மிகவும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘எக்ஸ்பிரஸ்’ ரைபிள்களுக்கான ஈயக் குண்டுகளில் முன்பக்கக் குழிக்குள் செப்புக் குழாய் ஒன்றைச் செருகுவது வழக்கமாக இருந்தது. பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் முனைமேல் உலோகத் தொப்பி பொருத்திய குண்டுகளை விற்றது. ஜெர்மனியின் எச்-மேன்டல் குண்டில் குழியின் வாயை மெல்லிய செப்புத் தொப்பி மூடியிருந்தது. அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தின் ‘பிரான்ஸ் பாயிண்ட்’ குண்டு ஆப்பு வடிவ வெண்கல முனை கொண்டது. குண்டு மோதியவுடன் ஆப்பு பின்னோக்கி நகர்ந்து ஈயத்தைப் பிளக்கும். இன்றைய பாலிமர் முனையின் வேலை முறை முழுவதும் ஏற்கெனவே அதில் இருந்தது.

பிளாஸ்டிக் முனையைக் கனடாவின் சி.ஐ.எல். நிறுவனம் ‘சேபர்டிப்’ என்ற பெயரிலும், சுவீடனின் நார்மா நிறுவனம் வேறு பெயரிலும் முன்பே விற்றிருந்தன. ஆனால் இம்முறையைப் பரவலாக்கியது 1984இல் அமெரிக்காவின் நாஸ்லர் நிறுவனம் அறிமுகம் செய்த ‘பாலிஸ்டிக் டிப்’ குண்டுதான். பாலிகார்பனேட்டால் ஆன அதன் முனைக்குக் குண்டின் விட்டத்திற்கேற்ப நிறம் தரப்பட்டது: .30க்குப் பச்சை, .270க்கு மஞ்சள், 7 மி.மீ.க்குச் சிவப்பு, 6 மி.மீ.க்கு ஊதா.

இந்நிறுவனம் பிறந்த கதையே குண்டு சரியாக வேலை செய்யாததன் கதை என்பது ஒரு சுவையான செய்தி. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் சேறு அப்பியிருந்த ஒரு மூஸ் மானைச் சுட்டார். வேகமாகச் சென்ற குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி, ஆழமாகப் பாயவில்லை. அதனால் அவர் நடுவில் தடுப்புச் சுவர் கொண்ட ‘பார்ட்டிஷன்’ குண்டை வடிவமைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் ஆழம் செல்லும். பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் பாலிஸ்டிக் டிப்பின் மீதும் தொடக்க ஆண்டுகளில் அதே புகார் எழுந்தது: மிக வேகமாக விரிந்து சிதறுகிறது என்று. பின்னர் அதன் உறை தடிமனாக்கப்பட்டது. முனை சேர்ப்பது எளிது, அது உண்டாக்கும் விளைவைக் கட்டுப்படுத்துவதே கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

காற்றில் கிடைக்கும் ஆதாயம்

குழிமுனைக் குண்டின் நுனி ஊசிபோல் இருக்காது. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான வட்டமாக இருக்கும். ஒலியைவிட வேகமாகச் செல்லும்போது இந்தச் சிறு தட்டைப்பகுதி கணிசமான இழுவையை உண்டாக்குகிறது. அதோடு ஒவ்வொரு குண்டின் வாயும் சற்றே மாறுபட்டு, பிசிறுடன் இருப்பதால் ஒரே பெட்டியிலுள்ள குண்டுகளிடையிலும் இழுவை வேறுபடும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் முனை எல்லாக் குண்டுகளிலும் ஒரே வடிவில் இருப்பதால் இந்த இரண்டு குறைகளும் தீர்கின்றன.

இழுவையைச் சமாளிக்கும் திறன் பாலிஸ்டிக் கெழு என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் பெரிதானால் குண்டு தன் வேகத்தை மெதுவாக இழக்கும். சியரா நிறுவனத்தின் .30 விட்ட, 168 கிரெயின் ‘மேட்ச்கிங்’ குழிமுனைக் குண்டுக்கு நிறுவனம் தரும் மதிப்பு 0.462. அதே எடையில் முனை பொருத்திய வடிவத்துக்கு 0.535. பார்ன்ஸ் நிறுவனத்தின் 168 கிரெயின் முழுச் செப்புக் குண்டில் முனையற்றதற்குச் சுமார் 0.40, முனையுள்ளதற்குச் சுமார் 0.47. இரண்டிலும் ஆதாயம் 15 விழுக்காட்டுக்கு மேல்.

விளம்பரங்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகின்றன. ஆனால் பெரும்பாலான மான் வேட்டை 200 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தத் தொலைவில் இவ்வேறுபாட்டால் குண்டின் இறக்கத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. சுடுபவரின் கை நடுக்கம் அதைவிடப் பெரிது. காட்டில் வேட்டையாடுபவருக்குப் பாலிமர் முனையின் உண்மையான பயன் காற்றில் இல்லை, மோதலில்தான் இருக்கிறது. முனை உடலில் பட்டதும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, குழிக்குள் ஆப்பாக இறங்கி, சுவர்களைப் பிளக்கத் தொடங்குகிறது. குழி நீரால் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரோமமும் சேறும் வாயை அடைப்பதும் இல்லை. வேகம் குறைந்த நிலையிலும் விரிதல் தொடங்குகிறது. மென்முனைக் குண்டுகளின் ஈய நுனி மேகசினுக்குள் பின்னுதைப்பால் நசுங்குவதுண்டு. பிளாஸ்டிக் முனைக்கு அந்தத் தொல்லையும் குறைவு.

பழைய குண்டில் முனை பொருத்தினால்

அமெரிக்கா போன்ற நாடுகளில் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பல் செய்வது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் குழிமுனைக் குண்டுகளுக்குத் தாமே முனை பொருத்திப் பார்க்கும் ஆசை இவர்களில் சிலருக்கு எழுவது இயல்பு. அங்கே எதிர்ப்படும் சிக்கல்களை இயற்பியல் வழியே பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது, குழல் தரும் முடுக்கம். 60 சென்டிமீட்டர் நீளக் குழலில் ஓய்விலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்தை எட்டும் குண்டின் சராசரி முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 61,000 மடங்கு. 0.05 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் முனை அந்த நேரத்தில் மூன்று கிலோ எடையுள்ளதுபோல் பின்னோக்கி அழுந்தும். உச்ச அழுத்தத்தின்போது இன்னும் அதிகம். தொழிற்சாலைக் குண்டில் முனையின் தோள்பட்டை உறையின் விளிம்பில் சரியாக அமர்ந்திருப்பதால் இந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். பழைய குண்டின் பிசிறான வாயில் அப்படிப்பட்ட இருக்கை கிடையாது. முனை குழலுக்குள்ளேயே பின்னோக்கி நகர்ந்து குழியின் சுவரை விரிக்கவோ, சாய்ந்து உட்காரவோ வாய்ப்புண்டு.

இரண்டாவது, சுழற்சி. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மரையுள்ள குழலில், 850 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு நிமிடத்துக்குச் சுமார் 2,00,000 முறை சுழல்கிறது. மகிழுந்து எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றிலேயே அலறும் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். இந்தச் சுழற்சியில் முனை அச்சிலிருந்து மயிரிழை விலகினாலும் குண்டு தள்ளாடும். பிசின் ஒட்டியது ஒருபக்கம் கூடுதலாக இருந்தாலே சமநிலை கெடும். வழியில் முனை கழன்று விழுந்தால் அந்தக் குண்டு எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நீளம். இதை உணராமல் போவதே அதிகம். பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராம், ஈயம் 11.3 கிராம். எனவே முனை குண்டின் எடையை அவ்வளவாகக் கூட்டுவதில்லை, நீளத்தை மட்டும் கூட்டுகிறது. நீளமான குண்டை நிலையாகச் சுழற்றக் குழலின் மரை வேகமாக இருக்க வேண்டும் என்பது 1879இல் கிரீன்ஹில் தந்த சூத்திரத்திலிருந்தே தெரிந்த செய்தி. நல்வாய்ப்பாக, முனை மிக இலேசானது என்பதால் அதன் முழு நீளத்தையும் இக்கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. டான் மில்லரும் மைக்கேல் கோர்ட்னியும் 2012இல் பிளாஸ்டிக் முனைக் குண்டுகளுக்கெனத் தனியாகத் திருத்திய சூத்திரத்தை வெளியிட்டனர். எனினும் எல்லைக்கோட்டில் இருக்கும் பழைய மெதுமரைக் குழல்களில் கூடுதல் நீளம் சிக்கல் தரலாம்.

நீளத்தின் விளைவு குழலோடு முடிவதில்லை. .308 வின்செஸ்டர் தோட்டாவின் மொத்த நீளம் 71.4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. முனை ஐந்து மில்லிமீட்டர் கூட்டினால், மேகசினில் நுழைய வேண்டுமெனில் குண்டைக் கூட்டுக்குள் அதே அளவு ஆழமாக அழுத்த வேண்டும். உள்ளே வெடிமருந்துக்கான இடம் குறைகிறது. அதே அளவு மருந்து எரியும்போது அழுத்தம் உயர்கிறது. முனையில்லாத குண்டுக்காக அச்சிடப்பட்ட மருந்து அட்டவணையை அப்படியே பின்பற்றுவது இங்கே ஆபத்தாகிவிடுகிறது.

நான்காவதாகவும் முக்கியமாகவும், விரிதல். பழைய குழிமுனைக் குண்டின் உறைத் தடிமன், குழியின் ஆழம், ஈயத்தின் கடினம் ஆகியவை முனையின்றித் திறப்பதற்காகக் கணக்கிடப்பட்டவை. ஏற்கெனவே எளிதில் திறக்கும் குண்டில் ஆப்பு ஒன்றையும் வைத்தால் அது தோள்பட்டையிலேயே சிதறி, இறைச்சியைக் கெடுத்து, உயிர்நிலையை எட்டாமல் போகலாம். மாறாகக் குழி மிகக் குறுகலாக இருந்தால் முனை ஆப்பாக இயங்காமல் வெறும் தக்கையாக நின்று, திரவம் உள்ளே நுழைவதையும் தடுத்துவிடலாம். இரண்டில் எது நடக்கும் என்பதைப் பலமுறை சோதிக்காமல் சொல்ல இயலாது. காகித இலக்கில் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவது இதற்குச் சான்றாகாது. காகிதம் குண்டைத் திறந்து பார்ப்பதில்லை.

முனை பொருத்துவதற்காக முழு உறை இராணுவக் குண்டின் நுனியைத் துளையிடுவது இவை எல்லாவற்றையும்விட அபாயகரமானது. அவ்வகைக் குண்டுகளில் உறையின் அடிப்பக்கம் திறந்திருக்கும். முன்பக்கமும் திறக்கப்பட்டால் உறை இருபுறமும் திறந்த குழாயாகிவிடும். சுடும்போது உள்ளிருக்கும் ஈயம் மட்டும் வெளியேறி, உறை குழலில் சிக்கிக்கொள்ளலாம்; அதையறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

எல்லாக் குழியும் விரிவதற்கல்ல

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மேலே சொன்ன மேட்ச்கிங் போன்ற போட்டிக் குண்டுகளின் முனையிலும் துளை உண்டு. ஆனால் அது விரிவதற்காக வைக்கப்பட்டதன்று. உறையின் அடியை மூடிய கிண்ணமாகச் செய்து, முன்பக்கம் வழியே ஈயத்தை இட்டு, பின் நுனியைக் குவித்தால் அடிப்பக்கம் மிகச் சீராக அமையும். நுனியில் எஞ்சும் சிறு துளை அந்த உற்பத்தி முறையின் மிச்சம். இந்தக் காரணத்தை ஏற்று, இவ்வகைத் துளைமுனைக் குண்டுகள் 1899 பிரகடனத்துக்கு எதிரானவை அல்ல என்று அமெரிக்க இராணுவச் சட்ட அலுவலர் ஹேஸ் பார்க்ஸ் 1990இல் கருத்துரை வழங்கினார். இத்தகைய குண்டில் முனையைச் செருகினால் அது வேட்டைக் குண்டாகிவிடாது. உறை மெல்லியதாக இருப்பதால் அதன் நடத்தை இன்னும் கணிக்க முடியாததாகும்.

லீவர் ரைபிளின் பாடம்

முனை சேர்க்கும்போது தோட்டா முழுவதும் மாற வேண்டியிருக்கும் என்பதற்கு லீவர் ரைபிள்கள் நல்ல சான்று. வின்செஸ்டர் 1894, மார்லின் 336 போன்றவற்றில் மேகசின் குழலுக்கு அடியில் நீண்ட குழாயாக இருக்கும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதால், ஒன்றின் குண்டு நுனி அடுத்ததன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு இருந்தால் பின்னுதைப்பில் அது ஊசிபோல் குத்தி, மேகசினுக்குள்ளேயே வெடிப்பு நிகழலாம். ஆகவே நூறாண்டுக்கும் மேலாக இவற்றுக்குத் தட்டைமுனைக் குண்டே விதியாக இருந்தது. அதன் பாலிஸ்டிக் கெழு மிகக் குறைவு.

ஹார்னடி நிறுவனம் 2000களின் நடுவில் இதற்கு ரப்பர்போல் வளையும் முனையை உருவாக்கியது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும் என்பதால் அது பிரைமரைத் தூண்டாது. .30-30க்கான அதன் 160 கிரெயின் குண்டின் கெழு 0.330, அந்நிறுவனத்தின் பழைய 170 கிரெயின் தட்டைமுனைக் குண்டுக்கு 0.189. ஆனால் .45-70, .444 மார்லின் போன்றவற்றில் நீளமான இந்தக் குண்டு தோட்டாவின் மொத்த நீளத்துக்குள் அடங்கவில்லை. அதற்காக நிறுவனம் பித்தளைக் கூட்டையே வழக்கத்தைவிடக் குட்டையாகச் செய்ய நேர்ந்தது. ஒரு சிறு முனைக்கு இடமளிக்க, நூற்றாண்டுப் பழமையான கூட்டின் அளவு மாறியது.

செம்புக்கு முனை ஏன் தேவைப்பட்டது

ஈயத்துக்கு மாற்று தேடும் சூழல் பாலிமர் முனைக்குப் புதிய முக்கியத்துவம் தந்தது. ஈயக் குண்டு உடலில் நுண்துகள்களாகச் சிதறும். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடல், எச்சம் ஆகியவற்றைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் அத்துகள்களால் நஞ்சேறி இறக்கின்றன. 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டோர் கழுகுகளை மீட்கும் முயற்சியில் பெரும் தடையாக இருந்தது இந்த ஈய நஞ்சே. கலிபோர்னியா 2007இல் காண்டோர் வாழும் பகுதிகளில் வேட்டைக்கான ஈயக் குண்டைத் தடை செய்ய வழிவகுத்தது. 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் தோட்டாக்களிலும் ஈயத்தைத் தடை செய்தது.

மாற்றாக வந்த முழுச் செப்புக் குண்டு துகளாகச் சிதறுவதில்லை. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘எக்ஸ்’ குண்டு, முனையில் குழி கொண்ட ஒரே துண்டுச் செம்பு. மோதும்போது நான்கு இதழ்களாக மலரும். ஆனால் செம்பு ஈயத்தைவிட மிகக் கடினம். வேகம் குறைந்தாலோ குழியின் வாய் குறுகிப்போனாலோ இதழ்கள் திறக்காமல், குண்டு பென்சில்போல் துளைத்துச் சென்றுவிடும் என்ற குறை சொல்லப்பட்டது. 2003இல் உடலில் பள்ள வளையங்கள் வெட்டிய வடிவம் வந்தது. அதையடுத்து நீல நிறப் பாலிமர் முனையுள்ள வடிவமும் வந்தது. பழைய குழிமுனைக் குண்டுக்கு முனை சேர்க்கப்பட்டதற்கு நேரடி எடுத்துக்காட்டு இதுதான். அங்கும் பழைய குழியில் முனை அப்படியே செருகப்படவில்லை. முனைக்கேற்பக் குழி மறுவடிவமைக்கப்பட்டு அகலமாக்கப்பட்டது. முனை ஆப்பாக நகர்ந்து வழிவிட்டபின், அகன்ற குழிக்குள் திரவம் புகுந்து மீதி வேலையைச் செய்கிறது.

இளகும் முனை

பாலிமர் முனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வெளிப்பட முப்பது ஆண்டுகள் ஆயின. ஒலியைப் போல் 2.6 மடங்கு வேகத்தில் செல்லும் குண்டின் நுனியில் காற்று தடைபட்டு நிற்கும் இடத்தில், வெப்பநிலை கணக்கின்படி சுமார் 400 டிகிரி செல்சியசைத் தொடும். பாலிகார்பனேட் ஏறக்குறைய 150 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். 200 மீட்டர் பயணம் கால் நொடிக்குள் முடிந்துவிடுவதால் வெப்பம் உள்ளேறுவதற்குள் குண்டு இலக்கை அடைந்துவிடுகிறது. வேகமான, கெழு உயர்ந்த குண்டுகளின் நீண்ட தூரப் பயணத்தில்தான் சிக்கல். டாப்ளர் ரேடார் மூலம் குண்டின் இழுவையை வழியெங்கும் அளந்தபோது, பயணத்தின் போக்கில் இழுவை எதிர்பார்த்ததைவிடக் கூடுவதை ஹார்னடி பொறியாளர்கள் கண்டனர். முனை உருகி மழுங்குவதே காரணம் என்று முடிவு செய்து, 2015இல் வெப்பம் தாங்கும் வேறு பாலிமரால் ஆன முனையுடன் புதிய குண்டு வரிசையை அந்நிறுவனம் வெளியிட்டது. அச்சிட்ட கெழு எண்களை அதுவரை நம்பியவர்கள், அவை குறுகிய தூர அளவீடுகள் என்பதை அப்போதுதான் கவனித்தனர்.

முனையில்லாத குழிமுனை வேட்டைக் குண்டுகள் இன்றும் விற்பனையில் உள்ளன. நீண்ட தூரம் சுடாதவர்களும், தம் ரைபிளில் எந்தக் குண்டு எப்படி நடந்துகொள்ளும் என்று பல பருவங்களாக அறிந்தவர்களும் அவற்றையே தொடர்ந்து வாங்குகின்றனர். அவை மலிவானவை, அவற்றுக்கான மருந்து அட்டவணைகளும் சோதித்து அச்சிடப்பட்டவை.